பெயர் வாசிக்கும் நேரம்

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் காவிரிப் படுகையின் எந்தக் கடைத்தெருவிலும் மாலையில் டீக்கடை பெஞ்சு காலியாக இருந்ததில்லை. பேப்பரின் முதல் பக்கம் ஒருவர் கையில், நடுப்பக்கம் இன்னொருவர் கையில். அலமாரியின் மேல்தட்டில் வானொலி. கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணக் கரை கூப்பிடு தூரம்தான் என்பதால், திருச்சி நிலையத்துக்குச் சமமாக இலங்கை வானொலியும் இங்கே கணீரென்று கேட்கும். பாட்டைப் போடுமுன் அறிவிப்பாளர் மூச்சு விடாமல் ஒரு பட்டியல் வாசிப்பார். அந்தப் பாட்டை விரும்பிக் கேட்டவர்களின் பெயர், ஊர். மன்னார்குடி, வலங்கைமான், பேராவூரணி, திருத்துறைப்பூண்டி என்று ஊர்கள் ஓடும். பெஞ்சின் ஓரத்தில் ஒரு பையன் டீ ஆறிப்போனது தெரியாமல் உட்கார்ந்திருப்பான். இரண்டு வாரத்துக்கு முன்னால் அஞ்சலட்டை ஒன்றை அவன் தபால்பெட்டியில் போட்டிருந்தான்.

பெயர் வந்துவிட்டால் அன்றைக்கு அவன் ராஜா. வராவிட்டால் நாளைக்கும் வந்து உட்காருவான். பாட்டு அவனுக்கு மனப்பாடம். அதைக் கேட்க வானொலியே வேண்டியதில்லை. நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில், எங்கோ இருக்கும் ஒரு பெரிய குரல் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. இன்று அறுபது தாண்டிவிட்ட அந்தப் பையன், பத்தாம் வகுப்புப் படிக்கும் பேரனைப் பார்த்து, "எப்பப் பாத்தாலும் அந்தப் போனையே நோண்டிக்கிட்டு" என்று சத்தம் போடுகிறார்.

தஞ்சை வட்டாரத்தில் இந்தப் பசிக்கு வயது அதிகம். அதன் வரலாற்றைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்த்தால், பேரனின் கையில் இருக்கும் கருவியில் எது பழையது, எது புதியது என்று பிரித்துச் சொல்ல முடியும்.

பழையதிலிருந்து தொடங்கினால் முதலில் வருவது சிறுவர்களே நடித்த நாடகக் குழுவான பாய்ஸ் கம்பெனி. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது, பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவராகப் புகழ்பெற்ற டி.கே. சண்முகத்துக்கு ஆறு வயது. அவரும் அண்ணன்மாரும் அதில் சேர்ந்தார்கள். கும்பகோணம் ஆனையடிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எம்.ஜி. ராமச்சந்திரனும் அண்ணன் சக்கரபாணியும் குடும்ப வறுமை தாங்காமல் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனார்கள். சோற்றுக்காகப் போன பிள்ளைகள்தான் பெரும்பாலும். ஆனால் கொட்டகையில் ஒரு பாட்டு முடிந்ததும் "ஒன்ஸ்மோர்!" என்று எழும் கூச்சலை ஒருமுறை கேட்டுவிட்ட பிள்ளைக்குச் சோறு மட்டும் போதாது. எந்த இழுப்பில் நிறுத்தினால் ஒன்ஸ்மோர் வரும், எந்த வசனத்துக்குத் தரை டிக்கெட் எழுந்து நிற்கும் என்பதைப் பத்து வயதுக்குள் தெரிந்துகொண்டார்கள்.

அந்தக் கம்பெனிகளில் எல்லாப் பிள்ளைகளும் பயந்த ஒரு சொல் உண்டு: மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண்பிள்ளைக்குக் குரல் உடையும் பருவம். நேற்றுவரை வள்ளியாகவோ பிரகலாதனாகவோ கொட்டகையைக் கட்டிப்போட்ட பையன், ஒரு வாரத்தில் தொண்டை கரகரத்துப் பின்வரிசைக்குத் தள்ளப்படுவான். சிலருக்குக் குரல் திரும்பும், பலருக்குத் திரும்பாது. தான் யார் என்ற கேள்வி முதன்முதலாக மனதைக் குடையும் அதே வயதில், கைதட்டல் நின்றுபோகிறது. விடலைப் பருவத்து மனதுக்கு இதைவிடக் கொடிய சோதனை வேண்டியதில்லை. இந்தப் பிள்ளைகளின் மனநிலையை அன்று யாரும் ஆராயவில்லை. கம்பெனி முதலாளி அடுத்த பையனைத் தேடினார், அவ்வளவுதான்.

1910இல் மாயவரத்தில் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதர் பத்து வயதில் திருச்சியில் எஃப்.ஜி. நடேசய்யரின் நாடகத்தில் லோகிதாசனாக மேடை ஏறினார். 1934இல் அவர் நடித்த 'பவளக்கொடி' படம் வந்தது. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. இடைப்பட்ட பத்து ஆண்டில் தமிழ்நாட்டு இளைஞர்களின் தலைமுடி நீண்டது. 'பாகவதர் கிராப்' என்று அதற்குப் பெயரே வந்தது. தோள்வரை முடி வளர்த்து நடந்த பிள்ளைகளை வீட்டில் திட்டினார்கள், ஊரில் கேலி செய்தார்கள், முடி குறையவில்லை. திரையில் தெரிவது போல நானும் தெரிய வேண்டும் என்ற எண்ணத்துக்கு அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் ஒரு கோட்பாடு எழுதினார்: தன்னை அளக்க அளவுகோல் கிடைக்காதபோது மனிதன் அடுத்தவனை வைத்துத் தன்னை அளக்கிறான். அதற்குப் பத்து, இருபது ஆண்டு முன்பே நம்மூர் முடிதிருத்தும் கடைக்காரர்களுக்கு இது தெரியும்.

தஞ்சை ஊர்களுக்கு இந்தப் படங்களைக் கொண்டுவந்தது டூரிங் டாக்கீஸ். அதற்கும் வேர் பக்கத்திலேயே இருக்கிறது. திருச்சியில் ரயில்வே வேலையிலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். பின்னாளில் அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாதங்களில், ஊருக்கு வெளியே திடலில் கூடாரம் எழும்பும். கூடாரத்துக்குள் பகலில் இருட்டு கிடைக்காது என்பதால் பொழுது சாய்ந்த பிறகுதான் ஆட்டம். ஒரே புரொஜெக்டர், ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்குப் போடுவார்கள். மணலைக் குவித்து உயரமாக உட்கார்ந்தவன் பின்னால் இருப்பவனிடம் வசவு வாங்குவான். முறுக்கு வரும், சோடா வரும். 'சுபம்' போட்டதும் மாட்டுவண்டி, சைக்கிள், இல்லையென்றால் வரப்பு வழியே நடை. உரிமக் காலம் முடிந்தால் கூடாரமே அடுத்த ஊருக்குப் போய்விடும்.

விளக்குப் போடுகிற அந்த ஆள் இந்தக் கதையில் முக்கியமானவர். அவரைப் பற்றிப் பிறகு.

இளசுகள் கெட்டுப்போகிறார்கள் என்ற கவலையும் அப்போதே உண்டு. 1927இல் பிரிட்டிஷ் இந்திய அரசு அதை விசாரிக்க ஒரு குழுவே போட்டது. தலைவர் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார். 353 பேரின் சாட்சியம் வாங்கினார்கள். படத்தால் பிள்ளைகள் திருடக் கற்கிறார்களா, ஒழுக்கம் போகிறதா, கண் கெடுகிறதா என்றெல்லாம் கேள்விகள். வெள்ளைக்காரப் பெண்களைத் திரையில் பார்த்தால் இந்தியர்களுக்கு ஆட்சியாளர்மீது மரியாதை குறையுமே என்ற பயமும் அரசுக்குள் இருந்தது. 1928இல் வந்த அறிக்கை, பயம் மிகை என்ற பக்கமே சாய்ந்தது. 1954இல் டெல்லிப் பெண்கள் 13,000 பேர் சினிமாவிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றும்படி நேருவிடம் மனு கொடுத்தார்கள். ஒவ்வொரு தலைமுறையும் அடுத்த தலைமுறையின் பொழுதுபோக்கைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறது. இன்றைய கவலையும் இன்னொரு தலையடி என்று ஒதுக்கிவிடலாமா? அவசரப்பட வேண்டாம்.

பி.வி. கேஸ்கர் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த ஐம்பதுகளில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியது. நேயர்கள் கடல் தாண்டி இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957இல் விவித் பாரதி தொடங்கிய பிறகும் பழகிய காது மாறவில்லை. வானொலியில் சினிமாவுக்கு இல்லாத ஒன்று சேர்ந்தது. சினிமாவில் பாகவதரைப் பார்க்கலாம். பாகவதர் உன்னைப் பார்க்க மாட்டார். வானொலி உன் பெயரைச் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். இந்த 'போகலாம்' என்பதில்தான் கொக்கி. உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் வெளியிட்ட நூல் புறாக்களை வைத்துக் காட்டியது இதுதான். ஒவ்வொரு கொத்தலுக்கும் தானியம் கிடைத்தால் புறா வயிறு நிறைந்ததும் ஓய்ந்துவிடும். எப்போது விழும் என்று தெரியாமல் அவ்வப்போது விழுந்தால், கொத்திக்கொண்டே இருக்கும். டீக்கடைப் பையனும் அப்படித்தான் தினமும் வந்தான். ஆனால் அவனுக்கு ஒரு அட்டை, இரண்டு வாரக் காத்திருப்பு, அரை மணி நிகழ்ச்சி. அதற்கு மேல் கொத்த முடியாது.

பெயர் எழுதுவதில் இந்த மண்ணுக்கே உரிய இன்னொரு வழக்கம் உண்டு. பேராவூரணிப் பக்கமும் அதை ஒட்டிய புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களிலும் ஆடி பிறந்தால் மொய் விருந்து. பந்தல், கறிச்சோறு, வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒரு நோட்டு. யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது நோட்டில் ஏறும். அவர் வீட்டு விருந்து வரும்போது வாங்கியதைத் திருப்பி, மேலே கொஞ்சம் சேர்த்து எழுத வேண்டும். தவறினால் பணத்தைவிட முகம் போய்விடும். இதில் கடனும் உண்டு, உதவியும் உண்டு, மானமும் உண்டு.

இதை அறிந்தவர்களுக்கு, நீ என் படத்துக்கு லைக் போட்டால் நான் உன் படத்துக்குப் போடுவேன் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குள் ஓடும் கணக்கு புதிதாகத் தெரியாது. தோழியின் பதிவுக்கு இதயம் போட மறந்தால் மறுநாள் வகுப்பில் முகம் திரும்புகிறது. ஸ்னாப்சாட்டில் இருவர் தினமும் தவறாமல் படம் அனுப்பினால் அத்தனை நாள் தொடர்ச்சி என்று எண் ஏறும். ஒரு நாள் தவறினால் பூச்சியம். காய்ச்சலில் படுத்தாலும் அந்த எண்ணைக் காப்பாற்ற வேண்டும். மொய் நோட்டேதான். பெரியவர்கள் அதை ஆண்டுக்கு ஒரு மாதம் திறக்கிறார்கள். பிள்ளைகளின் நோட்டு மூடுவதே இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. கையால் வரைந்த பேனரின் காலம் போய், ராத்திரி கொடுத்தால் காலையில் அச்சடித்துத் தந்தார்கள். மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கோயில் திருவிழா, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் கீழ்வரிசையில் கூலிங்கிளாஸ் போட்ட பையன்களின் முகங்கள் வரிசையாக. யார் முகம் பெரிது, யார் முகம் ஓரம், யாருடையது விட்டுப்போனது என்பதெல்லாம் நட்பை உடைக்கிற விஷயங்கள். உயிரோடு இருப்பவர்கள் படத்தைப் பேனரில் போடக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017 அக்டோபரில் ஓர் உத்தரவே போட வேண்டிவந்தது. தெருமுனையில் இடம் கிடைக்காத முகம் எங்கே போகும்? அதற்கு ஒரு வருடம் முன்பே, 2016 செப்டம்பரில், ஜியோ அலைபேசிச் சேவை வந்திருந்தது.

அலைபேசி இந்த ஊர்களின் வீட்டுக்குள் நுழைந்த விதமும் தனி. பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர்ப் பக்கம் பல வீடுகளில் தகப்பன் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். ஒரு காலத்தில் அவர் குரல் டேப்ரிக்கார்டர் கேசட்டில் பதிந்து வந்தது; பிறகு எஸ்.டி.டி. பூத்தில் வந்தது, பிறகு திரையில் முகமாகவே வந்தது. 'போனைத் தூக்கிப் போடு' என்று சொல்ல முடியாத வீடுகள் இவை. அப்பா அதற்குள்தான் இருக்கிறார்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறியது. தென்னை சாய்ந்தது, மின்கம்பம் சாய்ந்தது, பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் வைத்துக் காசுக்கு சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள். வரிசையில் நின்ற பிள்ளைகள் அந்தக் கொஞ்ச சார்ஜில் தார்ப்பாய் எங்கே வேண்டும், மெழுகுவத்தி எங்கே வேண்டும் என்று வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் எழுதினார்கள். எங்கிருந்தெல்லாமோ லாரிகள் வந்தன. சமூக ஊடகத்தைப் பேயாக வரைகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

அடுத்தது டிக்டாக். பாய்ஸ் கம்பெனிக்குப் பிறகு, வயற்காட்டுப் பிள்ளை மேடை ஏறுவதற்கு அத்தனை எளிதான வழி வந்ததில்லை. களத்துமேட்டில் நின்று பாட்டுக்கு வாயசைத்தால் போதும். ஒன்ஸ்மோர் எண்ணிக்கையாக வரும். 2019 ஏப்ரல் 3 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை (தஞ்சை மாவட்டமும் அதன் எல்லைக்குள்தான்) செயலியைப் பதிவிறக்கத் தடைவிதிக்கச் சொன்னது. அதே மாதம் 24ஆம் தேதி தடை நீங்கியது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு சீனச் செயலிகள் 59ஐ மொத்தமாகத் தடைசெய்தது. பத்து நாள் கழிவதற்குள் இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்துவிட்டது. கூடாரத்தைப் பிரித்தவுடன் அதே திடலில் இன்னொரு கூடாரம். அப்போது பள்ளிகள் மூடிக் கிடந்தன. 2020 மார்ச்சில் பூட்டியவை, 9 முதல் 12 வரையான வகுப்புகளுக்கு 2021 செப்டம்பர் 1 அன்று மீண்டும் திறந்தன. பாடத்துக்கென்று கடன் வாங்கிக்கூடப் போன் வாங்கினார்கள். பாடம் முடிந்தது. போன் பிள்ளை கையிலேயே தங்கிவிட்டது.

நாடு முழுக்கக் கிராமங்களில் எடுத்த 2024ஆம் ஆண்டு அசர் கணக்கெடுப்பில், 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 82 விழுக்காட்டினர் ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரிந்தவர்கள். முந்தைய வாரத்தில் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காடு. சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76. பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாகப் போன் வைத்திருந்தது பையன்களில் 36 விழுக்காடு, பெண்பிள்ளைகளில் 27. பெண்பிள்ளைகளின் கதை எப்போதும் வேறு. பாய்ஸ் கம்பெனியில் அவர்களுக்கு இடமில்லை, ஃப்ளெக்ஸின் நண்பர் வரிசையிலும் இல்லை. இன்றும் டி.பி.யில் சொந்த முகத்துக்குப் பதில் பூவையோ நடிகையையோ வைக்கிறவர்கள் அதிகம். பார்க்கப்பட வேண்டும் என்ற ஆசையும், பார்த்துவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயமும் ஒரே விரலில்.

உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967இல் 'கற்பனைப் பார்வையாளர்' என்று ஒன்றைச் சொன்னார். விடலைப் பருவத்தில் ஒவ்வொருவருக்கும் ஊரே தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். முகத்தில் ஒரு பரு வந்தால் பள்ளிக்கூடம் முழுக்க அதையே பேசும் என்று நம்புவார்கள். தமிழில் இதற்கு எப்போதோ பெயர் வைத்தாகிவிட்டது: நாலு பேர். 'நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?' என்று சொல்லிச் சொல்லித்தான் இங்கே பிள்ளை வளர்க்கிறார்கள். முன்பெல்லாம் அந்த நாலு பேர் பெரும்பாலும் கற்பனை; இரவில் தூங்கப் போய்விடுவார்கள். 2009 பிப்ரவரியில் ஃபேஸ்புக் லைக் பொத்தானை வைத்தபோது நாலு பேருக்கு எண் வந்தது. பொய்யென்று ஒதுக்க முடியாத, எல்லோரும் பார்க்கும் எண்.

அந்த எண் என்ன செய்கிறது என்பதைக் கலிபோர்னியாவில் யு.சி.எல்.ஏ. ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டார்கள். 13 முதல் 18 வயதுவரை 32 பேரை மூளைப் படம் எடுக்கும் கருவிக்குள் படுக்கவைத்துப் புகைப்படங்களைக் காட்டினார்கள். லைக் எண்ணிக்கையை ஆய்வாளர்களே இட்டுக்கட்டியிருந்தார்கள். தன் படத்துக்கு நிறைய லைக் என்று கண்டபோது, மூளையில் இன்பத்தைப் பதிவுசெய்யும் பகுதி தூண்டப்பட்டது. ஒரே படமானாலும், எண் பெரிதாக இருந்தால் தாமும் லைக் போட்டார்கள். ஒன்ஸ்மோர் கூச்சலில் கூடச் சேர்ந்து கத்துகிற அதே கூட்டத்து மனம்.

இப்போது விளக்குப் போடும் ஆளிடம் வரலாம். அவர் வேலையை ஒழித்தவர்களில் ஒருவர் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர். 2006இல், பக்கம் முடியாமல் கீழே கீழே வந்துகொண்டே இருக்கும் முறையை உருவாக்கினார். பின்னாளில் அதற்காக வருந்தியும் பேசினார். ரீல் மாற்ற நிறுத்தம் இல்லை, சுபம் இல்லை, முறுக்குக்காரர் இல்லை, கூடாரம் ஊரைவிட்டுப் போவதும் இல்லை. 2021இல் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் வெளியே கொண்டுவந்த ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்களில் ஒரு வரி: தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே மனம் நொந்திருந்த பதின்வயதுப் பெண்களில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அந்த நோவைக் கூட்டியதாகச் சொன்னார்கள். டூரிங் டாக்கீஸ்காரர் தன் படம் எந்தப் பிள்ளையை அழவைக்கிறது என்று கணக்கெடுத்ததில்லை. இவர்கள் எடுத்தார்கள், எடுத்துப் பூட்டியும் வைத்தார்கள்.

மறுபக்கமும் உண்டு. ஆக்ஸ்போர்டின் ஏமி ஆர்பனும் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் 2019இல் மூன்று பெரிய தரவுத் தொகுப்புகளை அலசியபோது, பதின்வயதினரின் மனநல வேறுபாட்டில் திரைப் பயன்பாடு விளக்குவது அதிகபட்சம் 0.4 விழுக்காடு என்றே வந்தது. சராசரிப் பிள்ளைக்குப் பெரிய கேடு இல்லை என்று அதைப் படிக்கலாம். ஆனால் சராசரிப் பிள்ளை என்று யாரும் எந்த வீட்டிலும் இல்லை. ஏற்கெனவே தனிமையில் இருப்பவன், பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணால் நொந்தவள், தூக்கத்தைத் தொலைத்தவன் ஆகியோருக்குத்தான் இந்தக் கொக்கி ஆழமாக மாட்டுகிறது. இப்படி மாட்டியவர்களுக்கென்றே பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014இல் தனிப் பிரிவு தொடங்கியது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடை விதித்துவிட்டது. அந்தத் தடை பலிக்குமா என்பது இனிமேல்தான் தெரியும். டிக்டாக் தடையைப் பார்த்த தஞ்சாவூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தால் தப்பில்லை.

டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். ஆனால் அதற்கு முன்னால் வீட்டில் செய்ய ஒன்று இருக்கிறது. போனைப் பிடுங்கப் போகிற தாத்தா, கொஞ்சம் உட்கார்ந்து, தன் பெயர் வானொலியில் வந்த நாளைப் பற்றிப் பேரனிடம் சொல்லட்டும். எத்தனை அட்டை போட்டார், எத்தனை நாள் வராமல் போனது, வந்தபோது டீக்கடையில் யார் யார் இருந்தார்கள் என்பதையெல்லாம் சொல்லட்டும். என்ன பாட்டு என்பது அவருக்கு இன்னும் மறந்திருக்காது.